போர்வைத் திருட்டு: ஒரு வரையறை

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன், பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன். ஏழு மணிக்கு மச்சான் வந்தான்.

"அத்தான், இன்னிக்குச் சாயங்காலம் நம்ம குழுவோட புதுச் சொல் பட்டியலை மூடறோம். அக்கா பெட்டியைக் குடுங்க."

பெட்டியில் சொல் அட்டைகள். என் மனைவி இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவள், நான், அவள் தம்பி, மூவருக்கும் லோஜ்பான் பைத்தியம். தர்க்கம் பிசகாமல் பேசவென்று சிலர் உட்கார்ந்து செய்த மொழி. இரண்டு சொற்களை ஒட்டிப் புதுச் சொல் செய்யலாம். ஆனால் யார், எதை, யாரிடமிருந்து என்று ஒவ்வோர் இடத்தையும் வரையறுத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம். ஒருவர் வரையறுத்தால் மற்றவர் ஓட்டை தேட வேண்டும். கிடைக்காவிட்டால்தான் கையெழுத்து.

நூற்றுப் பதினாறு அட்டைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு கையெழுத்து. இன்னும் ஒன்றில் மட்டும் என்னுடையது மட்டுமே. மச்சான் அதை உரக்கப் படித்தான்.

"போர்வை-திருடு. முதலாமவர், இரண்டாமவர் மேலிருந்து, படுக்கையில் வைத்து, போர்வையைத் திருடுகிறார்." சிரித்துவிட்டான். "முதலாமவர் யாருன்னு ஊருக்கே தெரியும்."

"அவ ஒத்துக்கல."

எட்டு மாத வழக்கு அது. "தூங்கறவளுக்கு என்ன தெரியும்? தெரியாம எடுத்தா திருட்டா? உன் ஓட்டையில லாரியே போகும்" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

"அப்ப 'திருடு'வைத் தூக்கிட்டு 'இழு'ன்னு போடுங்க."

"வேண்டாம்."

"இந்த ஒண்ணை விட்டுடலாம்."

"திருட்டுன்னே போகட்டும்."

அவன் அட்டையைக் கீழே வைத்தான். "அக்கா இப்ப பதில் சொல்ல முடியாதுன்னு நீங்க ஜெயிக்கறதா? அழுகுணி ஆட்டம் அத்தான்."

"அவளே ஒத்துக்கிட்டா."

"எப்ப?"

'என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கோங்க' என்று அவள் கடைசியாகச் சொன்னதாக மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். அப்படி எதுவும் இல்லை. ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். என்னைக் குனியச் சொன்னாள்.

"நான் ஒரு நாளும் தூங்கல. தெரிஞ்சுதான் இழுத்தேன். எழுதிக்கோ."