இளைத்த வண்டி

...ஆனால் ஃபிரேமை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதுதான் சைக்கிளின் எலும்பு, மற்றதையெல்லாம் உரித்துவிடலாம், காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் போயாச்சு, உள்ளே இரும்புச் சுருள் வைத்த பழசு, மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குகிற சாமான், அதற்குப் பதிலாகக் காற்று அடைக்கிற ஃபோர்க், செகண்ட் ஹேண்ட்தான், ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் தூக்கிப் பார்த்தேன், மண்மேட்டிலிருந்து குதிக்கும்போதெல்லாம் இவ்வளவு கனத்தையா என் பெண் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள்... தடி டயர், தடி டியூப், பெடலுக்குப் பக்கத்தில் செயினைக் காக்க மாட்டியிருந்த இரும்பு வளையம், எல்லாம் பார்க்கிங் தரையில் கிடக்கின்றன, ஆபரேஷனுக்குப் பிறகு கழற்றிப்போட்ட கட்டு மாதிரி, சே, அந்த நினைப்பு எதற்கு இப்போது. சைக்கிள் கடைக்காரர் நேற்றே சொல்லிவிட்டார், "சார், ஃபிரேம மாத்தாம என்ன கொறச்சாலும் இது குதிரை ஆகாது, எளச்ச எருமைதான்", சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன், புது ஃபிரேமில் ஓட்டுவதா அவள், எந்தக் கல்லில் எந்தக் கீறல் விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கதை வைத்திருப்பவள். வீட்டுக்குள்ளிருந்து எடை மெஷினைத் தூக்கிவந்து, வண்டியைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றேன், பிறகு நான் மட்டும் நின்று என் எடையைக் கழித்துக்கொண்டேன், அந்த நேரம் பார்த்து என் மனைவி துணி உலர்த்த வந்தாள், "வண்டிய எளைக்க வைக்கிறவரு மொதல்ல அந்தத் தொப்பைய எளைக்க வைக்கலாம்", சொல்லிவிட்டு நின்று பார்த்தாள், "நெசமாவே ஓட்டுவாளாங்க?" ஓட்டாமலா, அவளே கேட்டாளே. அப்படிக் குதிக்கும்போது விழுந்ததிலிருந்து அவள் எதையுமே கேட்டதில்லை, இது வேண்டும் அது வேண்டாம் என்று ஒரு சொல் கிடையாது, போட்டதைச் சாப்பிட்டாள், கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள், வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள், டாக்டர் பயிற்சி சொன்னார், கொஞ்ச நாளில் "சரியாயிடுச்சுப்பா" என்றாள், எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. போன வாரம்தான் வாயைத் திறந்தாள், "விக்க வேணாம்ப்பா, கனத்த மட்டும் கொறச்சுக் குடு, குதிக்கல்லாம் மாட்டேன், காட்டுப் பாதையில சும்மா ஓட்டுறேன்"... சும்மா ஓட்டுகிறவளா இவள் என்று இருந்தது, ஆனாலும் சந்தோஷம், கேட்டுவிட்டாளே ஒன்றை.

குதிக்கிற வண்டியில் கியர் இல்லை, பின்சக்கரத்துக்கு ஒரே ஒரு பிரேக், வலது கையில், சீட்டோ முழங்காலுக்கு இடிக்காமல் தரையோடு தரையாக... அதனால் உயரமான சீட்டுக்கம்பி போட்டேன், கியர் போட்டேன், கியர் மாற்றும் விசையை எல்லோரும் வைப்பதுபோல வலது கட்டைவிரலுக்குக் கீழே வைத்தேன், முன்சக்கரத்துக்குப் புதிதாக ஒரு பிரேக், இடது பக்கம், பழைய பிரேக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவள் கைக்குப் பழகியது என்று அதைத் தொடக்கூட இல்லை. சாயங்காலம் இறங்கி வந்தாள், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், இடது கையால் தூக்கினாள், முகம் மலர்ந்தது, எத்தனை மாசமாச்சு அந்த முகத்தைப் பார்த்து, "பஞ்சு மாதிரி இருக்குப்பா! எருமைக்கு யாரு டயட் சொன்னது?" அந்தக் கடைக்காரர் இவளிடமும் சொல்லியிருக்கிறார் போல. ஏறி உட்கார்ந்து தெருமுனைவரை போனாள், எங்கள் தெரு லேசான சரிவு, போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், நான் வாசலிலேயே நின்றேன்... சர்ர்ரென்று செருப்பு உரசுகிற சத்தம். முனையில் காலை ஊன்றி நிறுத்துகிறாள், என்னடா இது, பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று ஏறிவிட்டதா, திரும்பி ஏற்றத்தில் வரும்போது எழுந்து நின்று மிதிக்கிறாள், கியரை மாற்றவே இல்லை, மூச்சு வாங்க வந்து நின்றாள், மறுபடியும் கால்தான். "பிரேக் பிடிக்கலையாம்மா?" "பிடிக்குதுப்பா. பழக்க தோஷம், கால வச்சுட்டேன்." படியேறிப் போய்விட்டாள், நான் வலது பக்கப் பிரேக்கை ஒற்றை விரலால் அழுத்தினேன், கவ்விப் பிடித்தது, கியர் விசையைத் தட்டினேன், வெண்ணெய் மாதிரி மாறியது... பழக்கமா, எந்தப் பழக்கம், காலை ஊன்றி நிறுத்தும் பிள்ளைகளைப் பார்த்தாலே திட்டுகிறவள் இவள். தண்ணீர் பாட்டிலை அக்குளில் இடுக்கித்தான் திறக்கிறாள், சாவியை இடது கையில்தான் வாங்குகிறாள், பார்த்திருக்கிறேனே, தினமும் பார்த்தேனே, பார்த்துக்கொண்டே சாப்பிட்டேனே... கனத்தைக் குறைக்கச் சொன்னது குதிப்பதை விட்டதனால் இல்லை, வலது கையில் பிடியில்லாமல் தூக்க முடியாததனால். சரியாகிவிட்டது என்றாளே, யாருக்காகச் சொன்னாள், அவளுக்கா, எங்களுக்கா, "நெசமாவா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டேனா நான், கிடைத்தது போதும் என்று பிடித்துக்கொண்டேன். இடது கைப் பிரேக்கை மட்டும் நம்பி மலை இறக்கத்தில் இறங்கினால் முன்சக்கரம் நின்று ஆளைக் குப்புறத் தள்ளிவிடும், அது அவளுக்குத் தெரியாதா, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பின்பிரேக்கை இடது பக்கம் மாற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை, ஆனால் மாற்றினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், மாற்றாமல் எப்படி அனுப்புவேன்... மேலேயிருந்து குரல், "அப்பா, நாளைக்கு மேட்டுப் பாதைக்குப் போலாமா?", ஆசையாகத்தான் கேட்டாள், என் வாய் தானாகச் சொன்னது, "நாளைக்கு வேணாம்மா, பின்பிரேக் சரியில்ல, பாக்கணும்." ஒரு திருகாணி தளர்ந்தாலும் என்ன ஏது என்று இறங்கி வந்து என்னை ஒரு வழி பண்ணுகிறவள், பிரேக்குக்கு என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை, மெதுவாக, "சரிப்பா" என்றாள்.