நல்ல மார்க் வாங்க நினைத்த நெஞ்சு

தையல்காரிக்கு மிஷின் மிதிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். "வேலைக்கு டிமிக்கி குடுக்கிறே" என்று புருஷன் கேலி செய்வான். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் புதுக் கருவியைச் சோதிக்க மருத்துவமனையில் ஆள் கேட்டபோது, அவள் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஒட்டியதுதான் தாமதம், பரீட்சைக்குப் போகும் பிள்ளையாக மாறிவிட்டாள். மிஷினைத் தொடவில்லை, மாடிப்படி ஏறவில்லை, புருஷனோடு சண்டைகூடப் போடவில்லை.

"என்னடி, ஒரு வாரமா என்னைத் திட்டவே இல்லையே!" என்று அவனே பயந்துபோனான்.

பதிவைப் பார்த்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "நல்ல மார்க் வாங்கணும்னு படுத்தே கிடந்தீங்களாக்கா? எப்பவும் போல இருந்தாத்தானே கோளாறு மாட்டும்!"

மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மூச்சுவிட நேரமில்லாமல் மிதித்தாள். கண் இருட்டியது, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் துடிப்பு தடுமாறுது. இந்தக் கருவி பிடிச்ச முதல் கோளாறே உங்களோடதும்மா. மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

வாசலிலேயே புருஷன் கேட்டான், "என்ன சொன்னாங்க?"

அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "டிமிக்கி இல்லையாம். நிஜமான கோளாறாம். அதுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்!"