மதிய நேரத்துச் சிவப்பு

கல்லூரி நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த நூடுல்ஸ் கடைக்கு அவள் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தாள்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் ஏரியா மேனேஜர் ஒரு கருவியைக் கொண்டுவந்து கடை வாசலில் நட்டுவிட்டுப் போனார். இடுப்பளவு கம்பம். அதன் தலையில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கும் பச்சை முகம், எதிலும் பட்டுக்கொள்ளாத மஞ்சள் முகம், உதட்டைப் பிதுக்கிய சிவப்பு முகம். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் மனதில் பட்டதை அழுத்திவிட்டுப் போகலாம். அது தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சாயங்காலம் அவளுடைய போனுக்கு நேரவாரியாக வண்ணப் படமாக வந்து சேரும்.

"இனிமே கஸ்டமரோட அனுபவம்தான் எல்லாம், மேடம்," என்றார் மேனேஜர். "சாப்பாடு எங்க வேணாலும் கிடைக்கும். அனுபவம் நம்மகிட்ட கிடைக்கணும்."

வாணலியில் நூடுல்ஸைப் புரட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், அவர் வாசலைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். "அனுபவத்துக்குக் காரம் கூடப் போடணுமா, கம்மியா போடணுமா? அதைச் சொல்லாமப் போயிட்டாரே," என்றார்.

பல நாட்டுச் சமையலை ஒரே கிண்ணத்தில் சேர்த்துத் தருகிற கடை அது. நூடுல்ஸோ ஒட்டிக்கொள்ளும் சோறோ அடியில். மேலே டோஃபு என்கிற சோயாப் பனீர், முட்டை, கோழி. அதற்கும் மேலே ஏதாவதொரு ஸாஸ். பலகையில் ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் யாரும் அதைப் படிப்பதில்லை. "அக்கா, அந்த மூணாவது, சிவப்பு ஸாஸோட," என்பார்கள். வகுப்பு விட்டதும் மடை திறந்தது போல வருவார்கள். அடுத்த வகுப்பு தொடங்கியதும் வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்கள்.

முதலில் படம் பச்சையாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு செவ்வாயும் வியாழனும் மதியத்தில் மட்டும் சிவப்பு ஏற ஆரம்பித்தது. ஒன்றிரண்டு என்றால் யாருக்கோ வாய்க்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடலாம். இது குவியல். யாரோ வாசலில் நின்று வாய் ஓயாமல் திட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மேனேஜர் போன் செய்தார். "அந்த நேரத்துல அப்படி என்ன நடக்குது மேடம்?"

"ஒண்ணும் இல்ல சார். வழக்கமான கூட்டம்தான்."

"கூட்டம் எல்லாக் கடையிலயும்தான் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். உங்க வேலையை கன்ஃபர்ம் பண்றதைப் பத்தியும் அன்னிக்குப் பேசிடலாம்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தாள். கைத்துடைக்கும் தாளை எட்டுகிற இடத்துக்கு மாற்றினாள். அதை ஆள் இடித்துத் தள்ளியதும் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். மாஸ்டரிடம் போய், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்றாள்.

"என் உப்பு செவ்வாக்கிழமை ஒரு மாதிரியும் புதன்கிழமை ஒரு மாதிரியுமா இருக்கும்மா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவள் கரண்டி வைத்து நக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பிறகு வந்தவர்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். கிண்ணத்தைப் பல கோணத்தில் படம் எடுத்து முடிப்பதற்குள் அது ஆறிப்போக, "சூடாவே இல்லையே" என்கிற பெண். ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கே சாப்பிடும் குச்சி கேட்கும் பையன்கள். ஸாஸ் பொட்டலங்களைக் கைகொள்ளுமட்டும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையாட்டும் ஆராய்ச்சி மாணவர். ஒவ்வொருவரிடமும் போய் நின்று, முகம் நிறையச் சிரித்து, "எப்படி இருந்துச்சு? இன்னும் கொஞ்சம் ஸாஸ் வேணுமா?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நல்லா இருக்கு. அப்படியானால் சிவப்பை அழுத்துவது யார்?

தூணோரத்து மேசையில் தனியாக உட்காரும் ஒரு பேராசிரியர் மேல் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது. புளிப்பைக் கடித்தது போன்ற முகம். சாப்பிடும்போது நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தட்டில் கூடுதலாக, கொழுக்கட்டை மாதிரி இருக்கும் டம்ப்ளிங் இரண்டு வைத்தாள்.

"நான் இதைக் கேக்கலையே," என்றார்.

"இருக்கட்டும் சார், கடை சார்பா. எப்படி இருக்கு?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. காலையில இருந்து எல்லாரும் என்னை எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கன்னுதான் வரேன்."

சாப்பிட்டு எழுந்தவர் கம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். டம்ப்ளிங் இரண்டும் தட்டிலேயே இருந்தன. அன்றைக்கும் சிவப்பு குறையவில்லை.

வீட்டுக்குப் போனால் அவளால் வாயைத் திறக்க முடியாது. கால் கடுக்கும், கன்னம் வலிக்கும். நாள் முழுக்கச் சிரித்தால் கன்னம் வலிக்கும் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டே அறை. கணவனுக்குச் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. அவன் வரும்போது இவள் தூங்கியிருப்பாள், இவள் கிளம்பும்போது அவன் தூங்குவான். அடுத்த அறையில் நாத்தனார். போன வருஷம் இதே கல்லூரியில் இடம் கிடைத்து இவர்களோடு தங்கிப் படிக்க வந்தவள். நடந்தால் சத்தமே வராது என்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பூனை.

பூனைக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. டப்பாவில் சாப்பாடு, துவைத்து மடித்த துணி, படிக்க விளக்கு. ஒரு நாளும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிவைத்திருந்தாள்: "மதியக் கூட்டத்துல மட்டும் கடைக்கு வராதே. சொந்தக்காரப் பொண்ணுக்கு அள்ளிக் கொடுக்கறாங்கன்னு பேச்சு வரும்." பூனையும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் மேனேஜர் வருகிறார். கூட்டம் நெரியும் நேரத்தில் அவள் கல்லாவை விட்டு இறங்கி, ஒரு துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

"இப்பவா தரையைப் பெருக்கப் போற?" என்று மாஸ்டர் கத்தியது காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

கடை வாசலுக்கு எதிரே அறிவிப்புப் பலகை. அதன் பின்னால் போய் நின்றாள். கடைக்குள்ளிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் கம்பத்தைக் கவனிக்கவே இல்லை. ஒரு பையன் பச்சையை அழுத்தினான். ஒரு பெண் முழங்கையால் மஞ்சளை இடித்துவிட்டுப் போனாள். அப்போது பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து, தோளில் பையோடு, நாத்தனார் நடந்து வந்தாள்.

நூலகத்துக்குப் போகிறாள் என்றுதான் இவள் முதலில் நினைத்தாள். சாப்பிட்டாளோ இல்லையோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பூனை கம்பத்தருகே நின்றாள். கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கல்லா இருக்கும் திசையில் எட்டிப் பார்த்தாள். அண்ணியை அங்கே காணவில்லை என்பதால் கொஞ்சம் குழம்பியது போலத் தெரிந்தது. பிறகு கட்டைவிரலைச் சிவப்பின் மேல் வைத்து அழுத்தினாள். நிறுத்தாமல் அழுத்தினாள். முகத்தில் கோபம்கூட இல்லை. லிஃப்ட் வராதபோது பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்களே, அப்படி.

பூனை போன பிறகும் அவள் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே போனபோது வரிசை கதவைத் தாண்டியிருந்தது. மாஸ்டர் ஒரு கையால் வாணலியையும் ஒரு கையால் கல்லாவையும் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் கோழிக்குப் பதில் டோஃபு போயிருந்தது. அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றாள். கன்னத்தில் சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை நினைத்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கணக்கை மாஸ்டர் தலையில் கட்டிவிட்டு, சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகச் சீக்கிரம் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் பூனை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கை வலிக்கலையா உனக்கு?"

பூனை நிமிர்ந்தாள். "என்ன அண்ணி?"

"அத்தனை தடவை அழுத்தினியே."

பூனை போனைப் பைக்குள் வைத்தாள், திரும்ப எடுத்தாள். பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை. டிரைவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார்.

"அது கம்பெனிக்குத்தான் போகும்னு நெனச்சேன்," என்றாள் பூனை.

"கம்பெனிக்குப் போயி என் தலையிலதான் விடியும். நாளைக்கு மேனேஜர் வரார். என் வேலையே அதுலதான் தொங்கிட்டு இருக்கு."

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னா சரியாப்போச்சா? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? கடிஞ்சு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"இல்ல," என்றாள் பூனை. "கடிஞ்சும் சொன்னதில்ல. வேற எதுவுமே சொன்னதில்ல."

அவளுக்குப் புரியவில்லை. பூனை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ரிசல்ட் வந்த அன்னிக்கு ஒரு பேப்பர் போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லலாம்னு அடுப்படியில வந்து நின்னேன். நீங்க 'கொஞ்சம் தள்ளிக்கோ'ன்னீங்க. தள்ளிக்கிட்டேன். மறுநாள் உங்க கடைப் பக்கமா லைப்ரரிக்குப் போறேன், கண்ணாடி வழியா பாக்கறேன். யாரோ ஒருத்தன்கிட்ட குனிஞ்சு நின்னு, சாப்பாடு பிடிச்சிருக்கா, ஸாஸ் வேணுமா, தண்ணி வேணுமான்னு கேக்கறீங்க. அவன் போன்ல இருந்து தலையைக்கூடத் தூக்கல. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எனக்கு என்னவோ ஆயிடுச்சு. கை தானாப் போயி அழுத்திடுச்சு. அப்புறம் செவ்வாய், வியாழன் லைப்ரரிக்குப் போறப்பல்லாம்…"

"அது வேலைடீ," என்றாள் அவள். குரல் உயர்ந்தது, நிறுத்தத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. "சிரிக்கலைன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நாள் பூரா ஊரான் வீட்டுப் பிள்ளைங்ககிட்ட பல்லைக் காட்டிட்டு, வீட்டுக்கு வந்தாத்தான் வாயை மூடிட்டு இருக்கலாம். உன்கிட்டதான் நான் நடிக்க வேண்டியதில்ல. அது உனக்குக் குறையா படுதா?"

பூனை அழுதாள். சத்தமில்லாமல்தான். "எனக்கு அது எப்படி அண்ணி தெரியும்?" என்றாள். "என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

பிடிக்கும் என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாக எப்போது இந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தோம் என்று யோசித்தாள். சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. கோபம் தீரவில்லை. அதோடு கூடவே வேறொன்றும் நெஞ்சை அரித்தது. அடுத்த பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே போனார்கள்.

"எந்தப் பேப்பர்?" என்றாள் இறங்கும்போது.

பூனை பெயரைச் சொன்னாள்.

"அது என்னன்னு சொன்னா எனக்குப் புரியுமா?"

"புரியாது."

"பரவாயில்ல, சொல்லு."

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து போனில் படத்தை விரித்துவைத்தார். கருவியில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது. "சார், இந்தச் சிவப்பு அத்தனையும் எங்க வீட்டுப் பொண்ணு அழுத்தினது. அவ கடைக்குள்ள வரவே இல்ல. சாப்பாட்டுல குறை இல்ல. என்மேலதான் குறை."

"உங்கமேல குறைன்னா அதுவும் சர்வீஸ்ல குறைதானே?"

"கடையில இல்ல சார். வீட்ல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கம்பத்தைப் பிடுங்கிக் கடைக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். வேலையை நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டார். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம் மேடம்."

"உண்மையைச் சொன்னதுக்கு இதுவா கூலி?" என்று மாஸ்டர் வாணலியை ஓங்கி வைத்தார். அவளுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் அடுத்த வாரத்துப் படத்தில் செவ்வாயும் வியாழனும் மற்ற நாட்களைப் போலவே இருந்தன. ஒரு நாளில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நூடுல்ஸ் குழைந்துபோன அன்றைக்கு வந்தது அது, காரணம் தெரிந்த சிவப்பு. அதைப் பார்த்து அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வீட்டில் நிம்மதி இல்லை. பூனை பேச ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் நடந்தது, நடக்காதது, பக்கத்து இருக்கைக்காரியின் புதுக் காதலன், எல்லாவற்றையும் அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். அவளும் கால் வலியோடு ம் கொட்டினாள். சில நாள் கேட்டாள், சில நாள் கேட்பதாகப் பாவனை செய்தாள். ஒரு நாள் ஈரத்துண்டை நாற்காலி மேல் பார்த்ததும், "இது என்ன, கொடியா?" என்று அந்த வீட்டில் முதன்முதலாக அவள் வாயிலிருந்து சுடுசொல் வந்தது. பூனை சும்மா இருக்கவில்லை. "நீங்க மட்டும் செருப்பை நடுவழியில விட்டுட்டுப் போகலாமா?" என்றாள். அதிலிருந்து ஜன்னலுக்குப் போனது பேச்சு. ஜன்னலிலிருந்து விளக்கை அணைக்கிற நேரத்துக்குப் போனது.

ஷிப்ட் மாறி அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்ட கணவன், ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க? என்னாச்சு?"

"நீங்க பேசாம இருங்க," என்றாள் அவள்.

"நீ உள்ள போ அண்ணா," என்றாள் பூனை. "நாங்க பேசிட்டு இருக்கோம்."