மேட்ச் பிறந்த கதை

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஓர் ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்வதற்கு முன், இரண்டு புத்தகங்களையாவது பார்த்திருக்க வேண்டும். அத்தான் ஒன்றும் பார்ப்பதில்லை. என்னைப் பார்ப்பார்.

அக்காவின் கணவர் அவர்; எனக்கு முன்பே இந்த அலுவலகத்தில் சேர்ந்தவர். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "இந்த வாரம் என்னத்தைத் தோண்டினே?" என்பார். சொல்வேன். வெள்ளிக்கிழமை அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிடும்.

"உனக்குத்தான் நாலு பேர் முன்னாடி நாக்கு ஒட்டிக்குமே. உனக்காக நான் பேசறேன்" என்று சிரிப்பார்.

துணையாசிரியர் இடம் ஒன்று காலியானது. தற்காலிக வேலையில் இருந்த எனக்கு அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அலமாரிக்குப் பின்னால் புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது அத்தானின் குரல் கேட்டது. தலைமை ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. இதுல பிடிப்பே இல்ல மேடம். எல்லாம் நான்தான் சொல்லித் தரேன்."

நான் அழவில்லை. மறுநாள் மதியம் நானே பேச்சை எடுத்தேன்.

"அத்தான், மேட்ச்ங்கற சொல்லைப் பார்த்தேன். தீக்குச்சி மேட்சும் ஜோடி மேட்சும் ஒரே சொல்லாம். ரெண்டு கட்டையை ஜோடி சேர்த்து உரசினாத்தானே தீ? அதுல பிறந்ததாம்."

அவ்வளவும் பொய். சொல்லச் சொல்ல எனக்கே அழகாக இருந்தது.

"அட்றா சக்கை!" என்றார் அத்தான்.

தலைமை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. யார் எழுதியதையும் பாதியாக வெட்டுவார். வெள்ளிக்கிழமை அவர் முன்னால் அத்தான் கைகளை உரசிக்காட்டியே கதையைச் சொன்னார்.

"எந்தப் புத்தகம்?" என்றார் கத்தரி.

"பொதுவா... எல்லாத்துலயும் இருக்கு மேடம்."

"அதுல ஒண்ணைச் சொல்லுங்க."

அத்தானின் காது சிவந்தது. சட்டென்று என் பக்கம் கையை நீட்டினார். "இவதான் மேடம் சொன்னா!"

கத்தரி பேனாவை மூடினார். "அப்போ போன வாரம் சொன்னது? அதுக்கு முந்தின வாரம்?"

முட்டாளாக நிற்பதா, திருடனாக நிற்பதா என்று அத்தான் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று கத்தரி என் பக்கம் திரும்பினார்.

எழுந்தேன். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. "சாப்பிடும்போது சும்மா கதை அளந்தேன் மேடம். ஒரு புத்தகமாவது திறப்பார்னு நினைச்சேன். தீக்குச்சி மேட்ச், பழைய பிரெஞ்சில விளக்குத்திரி. ஜோடி மேட்ச், பழைய ஆங்கிலத்துல துணை. விளையாட்டு மேட்சும் அதுல வந்ததுதான். திரிக்கும் துணைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல." புத்தகங்களை மேசைமேல் வைத்தேன்.

மாலை கத்தரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் போன். "அவர் சாப்பிடாம சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார். என்னடி பண்ணினே?"

"வேலை நிரந்தரமாயிடுச்சுக்கா. இனிமே அவர் எழுதறதை எல்லாம் நான்தான் சரிபார்க்கணுமாம்."

"அவரோடதையா?" என்றாள் அக்கா.

"சாப்பிடச் சொல்லு. திங்கட்கிழமை நிறைய வேலை வச்சிருக்கேன்."

பட்டென்று போனை வைத்துவிட்டாள். எனக்கு நல்ல பசி. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.