முதல் நூல்கண்டு யார் கையால்?

சடகோபன் ஒரே வாக்கை இரண்டு பேருக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தான்.

தொண்ணூற்றிரண்டில், ராஜபாளையத்து மில் ஒன்றின் புது ஷெட்டுக்கு அவன் புராஜெக்ட் மேனேஜர். பெயர்தான் பெரிது, அவன் சொன்னால் ஒரு ஸ்பேனர்கூட நகராது. ஸ்பின்னிங் மாஸ்டர் வேலுசாமிக்கும் மெயின்டனன்ஸ் சுந்தரபாண்டியனுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் ஆள் அனுப்பினால் மற்றவர் தன் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். தை கடைசி வெள்ளிக்குள் நூல் நூற்கும் மிஷினான ரிங் பிரேம் முதலாவது ஒன்றாவது ஓடாவிட்டால் வேலை கோயம்புத்தூர் கம்பெனிக்கு, சடகோபன் ஆந்திரா குடோனுக்கு. முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

புது மிஷினில் நிறையும் முதல் நூல்கண்டை மஞ்சள் தடவி முதலாளி கையில் கொடுப்பது அந்த மில் வழக்கம். கொடுக்கிறவர்தான் மிஷினை ஓட்டிக்காட்டியவர் என்று பேச்சு நிற்கும்.

“முத கண்டு எங்கையால போகணும். சரின்னா நாளைக்கே ஆள் விடுதேன்” என்றார் வேலுசாமி. சடகோபன் சரி என்றான். மறுவாரம் சுந்தரபாண்டியன் அதையே கேட்டார். அவருக்கும் தலையாட்டினான். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு, மடையனுக்கு. வேலை மளமளவென்று நடந்தது. அவனுக்குத்தான் தூக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை இருவருமே சலவைச் சட்டையில் வந்து நின்றார்கள். மிஷின் ஓடியது, கண்டுகள் நிறைந்தன. அப்போது, கண்டு கழற்றும் வேலை பார்க்கும் மாடத்தி சடகோபனிடம் வந்து கேட்டாள்.

“எந்தப் பக்கம் சார் மொதல்ல கழத்த? நான் இந்தப் பக்கம் நிக்கேன், குருவம்மா அந்தப் பக்கம் நிக்கா.”

அவன் அவளையே பார்த்தான். மூன்று மாதமாக இந்த மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தவன், அதற்கு இரண்டு பக்கம் உண்டென்பதை யோசிக்கவே இல்லை.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா கழத்துங்கம்மா.”

மாஸ்டரை மாடத்தி பக்கமும், பாண்டியனை குருவம்மாள் பக்கமும் கொண்டுபோய் நிறுத்தினான். முதலாளியை மிஷின் தலைமாட்டில் நிற்க வைத்தான். இருவரும் ஒரே சமயத்தில் கண்டோடு வந்து சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் முகம் கறுத்தது.

“மிஷினுக்கு ரெண்டு பக்கம் சார். ரெண்டுலயும் முதல் கண்டு” என்றான் சடகோபன். முதலாளி இரண்டு கைகளையும் நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

வேலுசாமி போகும்போது அவன் தோளைத் தட்டினார். “சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீரு.” சுந்தரபாண்டியன் தனியே கூப்பிட்டு அதையேதான் சொன்னார்.

“மிச்சம் பதினோரு மிஷினையும் நீரே ஓட்டிக் குடும்” என்றார் முதலாளி. “ஆந்திராவுக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்.”

அப்பாடா என்றிருந்தது சடகோபனுக்கு. மத்தியானமே பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மடவார் வளாகத்து வீட்டுக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டியவன், கண்டக்டர் உலுக்கி எழுப்பியபோது அதையும் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் இருந்தான். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தபடி இறங்கினான்.