கத்தரிப்பாத்தியும் சைக்கிள் ஒழுங்கையும்

ஜெயரட்ணத்தார் எதை வாசித்தாலும் அதில் எழுதாததையும் சேர்த்தே வாசிப்பவர். கனடாவில், ஸ்காபரோவில் அவர் வீட்டுத் தபால்பெட்டிக்குள் நகரசபையின் துண்டுப்பிரசுரம் விழுந்த அன்றும் அப்படித்தான். 'உங்கள் வீதியில் சைக்கிள் ஒழுங்கை' என்று தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். மனுசன் சைக்கிளை விட்டுவிட்டார், ஒழுங்கையைப் பிடித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்றால் இரண்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய பாதை. அது வானத்திலிருந்து விழுவதில்லை. இரண்டு பக்கத்துக் காணிக்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் விட்டால்தான் உண்டாகும். நிலம் விடுவது ஜெயரட்ணத்தாரின் பரம்பரையில் யாருக்குமே வராத வியாதி. வேலியில் ஊன்றிய ஒரேயொரு கதியால் தடிக்காக அவருடைய பெரியப்பா போட்ட வழக்கில் நீதவான்மார் வரிசையாகத் தலை நரைத்தார்கள், கடைசி நீதவான் காவி கட்டிக்கொண்டு கதிர்காமம் போய்விட்டார் என்று கேள்வி.

"ஐயோ இஞ்சாருங்கோ, உது றோட்டிலை கோடு கீறிற அலுவல். எங்களுக்கு ஒண்டும் வராது," என்றார் மனைவி இராஜேஸ்வரி.

"அப்ப உது என்ன?" என்று ஜெயரட்ணத்தார் வாசல் புல்லைக் காட்டினார். யாரோ செம்மஞ்சள் பெயின்ற் அடித்து நீளக் கோடு இழுத்திருந்தார்கள். "அளந்திட்டுப் போட்டாங்கள்! நேரா என்ரை கத்தரிப்பாத்திக்குள்ளாலை போகுது!"

பின்வளவில் மேப்பிள் மரம் சூரியனை முழுசாக விழுங்கிவிடும். வெயில் விழுவது றோட்டோரத்து இந்தப் பாத்தியில் மட்டும்தான். போன வருடம் இதில் காய்த்த ஒரு கத்தரிக்காயைச் சமைக்க மூன்று வீட்டுச் சட்டி தேவைப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் பை பையாகக் கத்தரிக்காய் கொடுக்கிற மனுசன் என்றுதான் ஊர் அவரைத் தெரிந்துவைத்திருந்தது. பாத்தி போனால் அவர் வெறும் பென்சன்காரர்.

பரிகாரம் பரம்பரையிலேயே இருந்தது. காணி எடுப்பவன் வருமுன் வேலியை முன்னுக்கு நகர்த்திவிடு. வந்தவன் நகர்த்திய துண்டை எடுத்துக்கொண்டு போவான். உள்ள காணி உள்ளபடி கிடக்கும்.

தாரில் கதியால் நாட்ட முடியாது. ஆகவே ஜெயரட்ணத்தார் பழைய பெயின்ற் வாளிகளில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரிக் கன்றும், கராஜ் சேலில் அள்ளிவந்த ஒரு ஹொக்கி மட்டையும் ஊன்றி, றோட்டில் இரண்டு காலடிக் கவடு தள்ளி வரிசையாக அடுக்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஹொக்கி அணி தலைகீழாக நின்று தவம் செய்வது போலிருந்தது.

அந்த இடத்தில் றோட்டு வளையும். பஸ் ஓரத்தை உரசிக்கொண்டு திரும்பும்போது சைக்கிள்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது வாளிக்கும் ஓரக்கட்டுக்கும் நடுவே சொகுசான வழி ஒன்று திறந்திருந்தது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பெடியன் ஜெனாட், முதுகில் பெட்டியோடு முதலில் அதற்குள் புகுந்தான். "தாங்க்ஸ் அங்கிள், சூப்பர் பைக் லேன்!" என்று கத்திவிட்டுப் பறந்தான். அடுத்த நாள் பத்துப் பேர். அதற்கடுத்த நாள் கனடாவிலுள்ள சைக்கிள்களில் பாதி.

"வேலி போட்டனீங்களோ, ஒழுங்கை வெட்டினனீங்களோ?" என்று கேட்ட இராஜேஸ்வரிக்குச் சிரிப்பில் தேத்தண்ணீர் புரைக்கேறியது.

ஜெயரட்ணத்தாருக்கு வேர்த்தது. உத்தரவு கேட்காமல் சனம் நடந்த இடம் நாளடைவில் சனத்தின் பாதையாகிவிடும் என்பது பெரியப்பாவின் வேதவாக்கு. கேட்டுவிட்டுப் போனால்தான் காணிக்காரன் காணிக்காரனாக இருப்பான். கதிரையைத் தூக்கிவந்து பாத்தியருகே போட்டார். கொத்துரொட்டிக் கடை மஸூரின் மகள் நஸ்லியா வேலைக்குப் போகச் சைக்கிளில் வந்தாள்.

"நில் பிள்ளை! என்னட்டைக் கேட்டிட்டுப் போ."

"என்னண்டு கேக்கிறது அங்கிள்?"

"'போகட்டே அங்கிள்' எண்டு கேள். நான் 'ஓம், போ' எண்டுவன்."

"போகட்டே அங்கிள்?"

"ஓம், போ."

ஒரு கிழமைக்குள் காலை வணக்கம் என்ற வழக்கமே அந்தத் தெருவில் ஒழிந்துபோனது. சீனக் கிழவர் "போகாட்டி" என்றார். பஸ் றைவர் கண்ணாடியை இறக்கி "போகட்டே" என்றார். அணில்கள்கூட ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே கடந்தன. ஜெயரட்ணத்தார் மகாராசா மாதிரி எல்லாருக்கும் கையசைத்து உத்தரவு கொடுத்தார். ஒழுங்கையில் தனக்கு இத்தனை ஆசை வந்ததை அவரே கவனிக்கவில்லை.

ஒரு நாள் மின்னும் மஞ்சள் அங்கி போட்ட ஒருத்தி சைக்கிளில் வந்து நின்றாள்.

"கேட்டிட்டுப் போ, பிள்ளை."

"நீங்கள் நோ எண்டு சொன்னால்?"

"அப்பிடி ஒருக்காலும் சொல்ல மாட்டன். ஆனா கேக்க வேணும்."

அவள் சிரித்துக்கொண்டு இறங்கினாள். பெயர் ஸ்டெபனி. பிறந்தது இங்கே, பெற்றோர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர். நகரசபையில் சைக்கிள் ஒழுங்கைகளுக்குப் பொறுப்பு.

"அங்கிள், வாளியள் றோட்டிலை நிக்கேலாது. அது டேஞ்சர். இந்தக் கோடைக்குள்ளை நாங்களே கொங்கிறீற் கட்டுப் போட்டு லேன் செய்யிறம்."

"என்ரை காணியிலை எவ்வளவு எடுப்பியள்?"

"ஒரு இஞ்சும் இல்லை. லேன் றோட்டுக்குள்ளைதான் வரும்."

"அப்ப உந்தக் கோடு?"

"அது நிலத்துக்குக் கீழை ஏற்கெனவே கிடக்கிற இன்ரநெற் கேபிளின்ரை அடையாளம், அங்கிள்."

ஜெயரட்ணத்தாரின் நெஞ்சுக்குள் தவில் முழங்கி மங்களம் பாடியது. ஸ்டெபனி தொண்டையைச் செருமினாள்.

"ஆனா ஒண்டு. உங்கடை காணி அந்த லைற் போஸ்ற்றுக்கு அங்காலைதான் தொடங்குது. இந்தப் பாத்தி இருக்கிறது சிற்றியின்ரை நிலம்."

தவில் நின்றது. "அப்ப இவ்வளவு காலமும்?"

"கேக்காமல் பாவிச்சிருக்கிறீங்கள்."

வாசற்படியில் இராஜேஸ்வரி கையைத் தட்டினார். "இப்பதான் சரியான காணிக்காரி வந்திருக்கிறா. கேளுங்கோவன்!"

வழக்குப் போடு, போடு என்று பெரியப்பாவின் ஆவி காதுக்குள் கிசுகிசுத்தது. ஜெயரட்ணத்தார் பாத்தியைப் பார்த்தார். முதற் பூ, ஊதாவாக, இலைக்குக் கீழே ஒளிந்திருந்தது. கதிரையை விட்டு எழுந்தார். பரம்பரையில் ஒருவரும் உச்சரிக்காத சொல்லை மீன்முள்ளைத் துப்புவதுபோல வெளியே எடுத்தார்.

"பிள்ளை... பாத்தி இருக்கட்டே?"

"றைவர்மாருக்கு றோட்டை மறைக்காட்டிச் சரி," என்றாள் ஸ்டெபனி. "நான் ஒருக்காலும் நோ சொல்ல மாட்டன். ஆனா கேக்க வேணும்."

அன்று பின்னேரமே வாளிகள் கிளம்பின. மஸூரின் கடை வாசலுக்கு ஒன்று, சீனக் கிழவரின் பல்கனிக்கு ஒன்று. சைக்கிள் கரியரில் ஹொக்கி மட்டைகள் கொடிக்கம்பம் போல ஆட, ஸ்காபரோ முழுக்கக் கத்தரி ஊர்வலம். கடைசி வாளியைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இறக்கிய ஜெனாட் பெடலில் கால் வைத்தான்.

"போகட்டே அங்கிள்?"

"ஓம், போ. தண்ணி ஊத்த மறந்திடாதை!"