இரண்டாவது பிரதிக்கு ஒரு வீடு

என் தம்பி தனக்கு வேலை தேடியபோதுகூட இவ்வளவு மண்டையைக் குழப்பிக்கொண்டதில்லை. வீட்டில் ஒரு சர்வர் வைக்கலாமா என்று நான் வாய் தவறிக் கேட்டதுதான் தாமதம், பேனாவும் காகிதமுமாக என் சாப்பாட்டு மேசையில் குடியேறிவிட்டான். அவன் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறான். வரிசை வரிசையாக நிற்கும் சர்வர்களுக்கு நடுவே குளிரில் நடுங்கிக்கொண்டு பகலை ஓட்டுகிறவன், சாயங்காலமாவது அதை மறப்பான் என்று நினைத்தது என் அப்பாவித்தனம்.

எனக்கு சர்வர் எதற்கு என்றால், என் பிழைப்பு அப்படி. நான் படத்தொகுப்பாளர். சினிமா இல்லை, ஆபரேஷன். டாக்டர்கள் வயிற்றைத் திறப்பதையும் மூடுவதையும் படம் பிடித்து அனுப்புவார்கள். மருத்துவ மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்கு ஏற்றபடி நான் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்தாலும் என் அறைக்குள் அம்மா கால் வைப்பதே இல்லை. நானோ ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு பித்தப்பையைப் பார்த்தபடியே சாப்பிடுவேன்.

இதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த வேலைதான். இப்போது இந்த மாதிரிப் படங்களையே தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனம், தன் தொகுப்பு வேலை முழுவதையும் என்னிடம் தரத் தயாராக இருந்தது. அது மட்டும் கைக்கு வந்துவிட்டால், பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வரும் அலுவலகத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். விவாகரத்துக்குப் பிறகு யார் தயவும் இல்லாமல் நிற்கிறேன் பார் என்று நான் பிடித்த வீம்புக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. நிறுவனத்தின் நிபந்தனை ஒன்றுதான். நடந்து முடிந்த ஆபரேஷனை மறுபடி செய்யச் சொல்ல முடியாது, அதனால் படம் தொலையவே கூடாது. ஒரு பிரதி என் வீட்டில் இருக்க வேண்டும், இன்னொரு பிரதி வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். அவர்களுடைய மேற்பார்வையாளர் இரண்டு இடத்துக்கும் நேரில் வந்து பார்ப்பார்.

"பெட்டி ஒண்ணுதான்க்கா. ஆனா உள்ள மூணு கம்ப்யூட்டர்" என்றான் தம்பி.

"பெட்டி ஒண்ணுங்கற, கம்ப்யூட்டர் மூணுங்கற. எனக்குத் தல சுத்துது."

"ஒரு பெரிய வீட்ட மூணு குடித்தனத்துக்கு விடறோம்னு வெச்சுக்க. ஒவ்வொரு குடித்தனமும் வீடே தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். ஒண்ணுல உன் படமெல்லாம் இருக்கும். ஒண்ணுல டாக்டருங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. மூணாவதுல உன்னோட அந்தக் கெழட்டு சப்டைட்டில் சாஃப்ட்வேர். அதுதான் பழைய விண்டோஸ விட்டு வெளிய வரமாட்டேங்குதே."

காகிதத்தில் நான்காவதாக ஒரு கட்டம் இருந்தது. அதில் எதுவும் எழுதவில்லை.

"இது யாரு குடித்தனம்?"

"அதுவா... சும்மா. நான் ஏதாவது முயற்சி பண்ணிப் பாக்கறதுக்கு."

"வாடக குடுப்பியா?"

"கூடப் பொறந்தவன்கிட்ட வாடக கேக்கற மொத ஆள் நீதான்."

அதற்கப்புறம் திட்டம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. திங்கட்கிழமை சொன்ன ப்ராசஸர் புதன்கிழமைக்குள் மட்டமாகிவிடும். தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரி ஒன்று இருக்கிறதாம், அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்த வகை மனிதர்களே கிடைப்பதில்லை, மெமரி கிடைத்தால் வாங்கிப் போடு என்றேன். ஃபேன் மட்டும் சத்தம் போடக் கூடாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒலி சேர்க்கிறவள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். உடனே சின்ன ஃபேன்களை அடித்துவிட்டுப் பெரிய ஃபேன்களாக எழுதினான். பெரிய ஃபேன் என்றால் பெரிய பெட்டி. பெரிய பெட்டிக்கு வாசலோரச் செருப்பு அலமாரியை விட்டால் வேறு இடமில்லை. செருப்புகள் எல்லாம் நடுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

டிஸ்க் வாங்கும் கூத்துதான் எனக்குப் பிடித்தது. நான்கு டிஸ்க், நான்கும் வெவ்வேறு கடையில். தம்பி வாசலில் நின்றுகொண்டு என்னை உள்ளே அனுப்புவான்.

"ஒரே கடையில வாங்கினா என்னடா? கால் வலிக்குது."

"ஒரே நாள்ல ஒரே ஃபாக்டரில செஞ்சதா இருக்கும்க்கா. பழுதானாலும் ஒண்ணா ஆகும். ஒண்ணு போறப்ப மத்தது தாங்கணும்ல?"

ஒருவழியாகப் பெட்டி வந்தது, ஓடியது. மூன்று குடித்தனமும், வாடகை தராத நான்காவதும் சண்டை சச்சரவில்லாமல் இருந்தன. நான் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் முகத்தில்தான் ஈயாடவில்லை.

"ரெண்டாவது வீடு?" என்றான்.

தம்பி இருப்பது என் தலைக்கு மேல் மாடியில். அதே கட்டடம், தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். என் தோழி ஒருத்தி வருஷத்துக்கு இரண்டு வீடு மாறுகிறவள். மிஞ்சியது அம்மா வீடு. சின்னதாக ஒரு பெட்டியைத் தயார் செய்து, அம்மாவின் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம். அது ஓடுகிறதா இல்லையா என்று என் கைபேசிக்குச் செய்தி வரும்படி தம்பி ஏற்பாடு செய்திருந்தான். நாங்கள் வீடு திரும்புவதற்குள்ளேயே செய்தி வந்துவிட்டது.

"அம்மா, மெஷின் நின்னுபோச்சுன்னு வருது."

"நான்தான்டி அணைச்சேன். கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு. யாரு பாக்கறாங்கன்னு அது சிமிட்டணும்?"

விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினோம். அம்மா தூசி படாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்கு டர்க்கித் துண்டால் போர்த்திவிட்டாள். அது உள்ளே வெந்துபோய்த் தானாக நின்றது. துண்டை எடுக்கச் சொன்னோம். எடுத்துவிட்டு, துணி தேய்ப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கினாள். வானம் லேசாக இருட்டினால் மெயினையே அணைத்தாள்.

"ஃப்ரிட்ஜ மட்டும் அணைக்க மாட்டேங்கறியே!" என்று கத்தினேன்.

"ஃப்ரிட்ஜுல பாலாவது இருக்கு. இதுல என்ன இருக்கு, எவனோ ஒருத்தனோட கொடல்."

போனை வைத்துவிட்டேன். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். மேற்பார்வையாளர் அந்த வாரமே வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"ஒருத்தர் இருக்காரு" என்றான்.

"சொல்லாத."

"யுபிஎஸ் இருக்கு. தனி எர்த் இருக்கு. வீட்ல எந்த சுவிட்ச் எதுக்குன்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்காரு. பிளக்கப் பிடுங்கறதுக்கு ஆளும் கெடையாது."

"சொல்லாதன்னேன்."

"அத்தான்" என்று சொல்லியேவிட்டான்.

என் முன்னாள் கணவரைத்தான். சட்டம் எங்களைப் பிரித்துவைத்தது, தம்பி வாயிலிருந்து அந்த உறவுமுறையைப் பிரிக்க முடியவில்லை. அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் பொறியாளர். இயந்திரம் என்றால் உயிரை விடுவார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, கை ஓங்கினதும் கிடையாது. வாய் மட்டும் திறக்காது. நான் அழுதால் பக்கத்தில் வந்து நிற்பார், தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், போய்விடுவார். என்னைப் பிடித்திருக்கிறதா, நான் இருப்பது வேண்டுமா வேண்டாமா என்று எதுவும் தெரியாமல் ஒரு மனுஷி எத்தனை காலம் குடித்தனம் நடத்துவாள்? "இந்த மனுஷனை நம்பி என்னால் இருக்க முடியாது" என்று வக்கீலிடம் நானேதான் சொன்னேன். அதற்கும் அவர் பதில் பேசவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் வேறு வழி தேடிப் பார்த்தேன். வழி இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிக்கிற மாதிரி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், மடியிலிருந்து கைக்கு மாறியிருந்த பெட்டியைப் பார்த்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்று ஒரு நொடி நினைத்தேன், எனக்குப் புத்தி வரவே வராது.

"எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்றார்.

சொன்னேன்.

"காத்து எந்தப் பக்கமா வெளிய வருது?"

"பின்னாடி."

வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். படிக்கும் மேசையை இழுத்துவிட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, அடியில் நான்கு ரப்பர் துண்டு வைத்து நிறுத்தினார். மேசைக்கு என்ன செய்வீர்கள் என்றேன். சாப்பிடுகிற மேசையில் படித்துக்கொள்வாராம்.

"உள்ள இருக்கறத நீங்க பாக்க முடியாது. தம்பி பூட்டி வெச்சிருக்கான்" என்றேன் கொஞ்சம் மிடுக்காகவே.

"பாக்க வேண்டாம். ஓடணும், அவ்வளவுதானே?"

"வாடக தருவேன்."

"வேண்டாம்."

"அப்படின்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

யோசித்தார். "கரண்ட்டுக்கு மட்டும் குடு" என்றார். அத்துடன் எங்கள் பேச்சுவார்த்தை முடிந்தது. அன்றிலிருந்து மெஷின் நின்றதாக என் கைபேசிக்கு ஒரு செய்திகூட வரவில்லை. அம்மா வீட்டில் அரை நாள் தாங்காத பெட்டி, இங்கே இருக்கிற இடமே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். கண்ணாடி போட்ட, எதையும் விரலால் தடவிப் பார்க்கிற அம்மாள். என் வீட்டுச் செருப்பு அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு நான்காவது குடித்தனம் யாருடையது என்று ஒரே கேள்வியில் தம்பியை வியர்க்க வைத்தார். அன்று மாலைக்குள் அது காலி செய்யப்பட்டது. அங்கிருந்து அவரை அழைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போனேன். அவர் யுபிஎஸ்ஸைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், சுவிட்சுகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை எல்லாம் படித்தார். அவர் முகம் மலர மலர எனக்கு மூச்சு சீரானது.

"சாருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

"முன்னாடி புருஷன் பொண்டாட்டி" என்றேன். இதில்தான் வேலை போகப் போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப நாளைக்கு உங்களுக்குள்ள சண்ட வந்தா இந்த மெஷின் என்ன ஆகும்?"

"போட வேண்டிய சண்டையெல்லாம் போட்டு முடிச்சாச்சு மேடம். பாக்கி ஒண்ணும் இல்ல."

பக்கத்தில் நின்ற என் முன்னாள் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சேந்து இருக்கறவங்கள நெனச்சாதான் எனக்கு பயம். போன வருஷம் ஒரு வீட்ல அந்தம்மா கோவிச்சுக்கிட்டு ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க." சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "சரி, நீங்க சொல்லுங்க. இவர நம்பலாமா?"

அவர் அங்கேயே, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வக்கீலிடம் நான் சொன்னது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காது சூடாகிவிட்டது. ஆனால் பொய் சொல்ல முடியவில்லை.

"நம்பலாம் மேடம். தாராளமா நம்பலாம்."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு நாள் வெச்சுப்பீங்க சார்?"

அவர் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "அவ வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும். எடுக்கலன்னா, நான் இருக்கற வரைக்கும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மேற்பார்வையாளர் திருப்தியோடு வேலை உங்களுக்குத்தான் என்று கைகுலுக்கினார், அவசரமாகப் போய்விட்டார். நான் தலைகால் புரியாமல் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அங்கேயே நின்றேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"இத அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவ?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "அந்தம்மா கேட்டாங்க. நீ கேக்கலையே."

குத்திக் காட்டும் குரல் இல்லை. லிஃப்ட் ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவரிடம், நீங்கள் பொத்தானை அமுக்கவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்வாரே, அந்தக் குரல். கேட்காமலே சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த வருஷங்கள் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் கண் முன்னால் வந்து நின்றன. இவரைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கதவு வரைக்கும் போனவள் திரும்பினேன்.

"ஞாயித்துக்கெழம மெஷினப் பாக்கறதுக்கு வரலாமா?"

"வா" என்றார் உடனே.